கணக்கெழுதவும் ஒரு பரீட்சை!



உங்கள் கடையில் கணக்கெழுத ஒருவரை வைக்கிறீர்கள். எதைப் பார்த்து வைக்கிறீர்கள்? தெரிந்த குடும்பத்துப் பையனா, கையெழுத்து ஓரளவு தேறுமா, கல்லாவில் கை வைக்காதவனா என்று விசாரிப்பீர்கள். நாள்வழியில் எழுதியதைப் பேரேட்டில் சரியான பக்கத்தில் ஏற்றத் தெரிகிறதா என்று இரண்டு நாள் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பீர்கள். ஈரோட்டுக்காரரின் பற்றை மதுரைக்காரரின் பக்கத்தில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வசூலுக்குப் போகிற அன்றைக்குத் தகராறு நிச்சயம்.

துணிக்கும் பருப்புக்கும் இவ்வளவு பார்க்கிற நாம், நம் நோய்க்கும் சாவுக்கும் கணக்கெழுதுகிறவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவரை யார் சோதித்தார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

இந்தக் கேள்வி எனக்கே தோன்றியது என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். என் சகோதரி மகள் கிளப்பிவிட்டது. அவள் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து இன்சூரன்ஸ் பில்லுக்காக அவற்றை எண்களாக மாற்றும் வேலை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் இதில்தான் இருக்கிறார்கள். பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், "மாமா, கேன்சர் டேட்டாவுக்குன்னு தனியா ஒரு அமெரிக்கப் பரீட்சை இருக்காம். முடிச்சா வீட்டிலிருந்தே டாலர்ல சம்பளம்னு விளம்பரம் வருது. கோர்ஸுக்குப் பெரிய தொகை கேக்குறாங்க. சேரலாமா?" என்று கேட்டாள். மதரஸாவில் ஓதியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தட்டிக்கழித்தேன். அவள் விடவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் பரீட்சையின் விதிகளையும் பாடங்களையும் படித்தோம். படிக்கப் படிக்க, என் பழைய தவறு ஒன்று என் கண் முன்னால் வந்து நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுதுகிறவருக்கு எதற்குப் பரீட்சை?

அமெரிக்காவில் புற்றுநோய் கண்ட ஒவ்வொருவரின் விவரத்தையும் எழுதி வைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டர்களுமல்லர், நர்ஸுகளுமல்லர். ஊசி போட மாட்டார்கள், மருந்து எழுத மாட்டார்கள். ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு மூலை அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளைப் படிப்பார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் அவர்கள் முகத்தைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இவர்களுக்கு 1974ல் ஒரு தேசியச் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் 1983ல் முதல் பரீட்சையை நடத்தியது. தேறியவர்களுக்கு ‘சர்ட்டிஃபைடு டியூமர் ரெஜிஸ்ட்ரார்’ என்று பெயர். நாற்பது வருடம் அந்தப் பெயர் இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் ‘ஆன்காலஜி டேட்டா ஸ்பெஷலிஸ்ட்’ என்று மாற்றிவிட்டார்கள்.

பெயரை ஏன் மாற்ற வேண்டும்? பதிவாளர் என்றால் என்ன குறைச்சல்? நம் ஊரில் கணக்கப்பிள்ளை என்று சொல்ல வெட்கப்பட்டு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று விசிட்டிங் கார்டு அடிப்பதைப் போலத்தான் எனக்குப் படுகிறது. வேலை அதே வேலைதான்.

சரி, அந்த வேலை அவ்வளவு கடினமா? ஒருவருக்குப் புற்றுநோய் என்று எழுதுவதற்குப் பரீட்சை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

ஒருவருக்கு நுரையீரலில் புற்று. அது மூளைக்குப் பரவிவிட்டது. தலைவலி என்று போனவருக்கு ஸ்கேன் எடுத்து மூளையில் கட்டி என்கிறார்கள். இதை மூளைப் புற்று என்று எழுதினால் கணக்கு பாழ். எங்கே தொடங்கியதோ அந்த உறுப்பின் பக்கத்தில்தான் ஏற்ற வேண்டும். இன்னொரு பெண்மணிக்கு வலது மார்பில் கட்டி. நான்கு வருடம் கழித்து இடது மார்பில் ஒன்று. பழைய நோய் பரவியதா, புதிய நோயா? ஒன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா? இதற்கெல்லாம் தடித்த விதிப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த உறுப்பு என்பதற்கு ஒரு குறியீடு: வயிறு என்றால் சி16, நுரையீரல் சி34, மார்பகம் சி50, கருப்பை வாய் சி53. எந்த வகைப் புற்று என்பதற்கு நான்கு இலக்க எண். அதன் பின்னால் ஒரு கோடு போட்டு, அது தீங்கில்லாத கட்டியா, இருந்த இடத்திலேயே நிற்கும் புற்றா, ஊடுருவும் புற்றா என்பதற்கு ஓர் இலக்கம். 8140/3 என்று எழுதியிருந்தால் விஷயம் தெரிந்தவருக்கு அது சுரப்பித் திசுவில் எழுந்து ஊடுருவிய புற்று என்று விளங்கும். அந்த 3 இருக்கிற இடத்தில் கை தவறி 0 போட்டால், மரணப் படுக்கையில் கிடக்கிறவர் சாதாரணக் கட்டிக்காரர் ஆகிவிடுவார்!

பரீட்சையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறு. டாக்டர்கள் எப்போதும் ‘இது புற்றுநோய்’ என்று அறுதியிட்டு எழுதுவதில்லை. ‘இருக்கக்கூடும்’, ‘சந்தேகப்படுகிறேன்’, ‘அதற்கு ஒத்துப்போகிறது’, ‘இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்’ என்று பலவிதமாக எழுதுவார்கள். இவற்றில் எதைப் புற்றுநோய்க் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது? அவரவர் மனம்போல முடிவு செய்தால் பத்து ஆஸ்பத்திரியில் பத்துக் கணக்கு வரும். ஆகவே சொற்களையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘ப்ராபபிள்’, ‘கன்சிஸ்டென்ட் வித்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் சேர்க்க வேண்டும். ‘பாசிபிள்’, ‘ரூல் அவுட்’ என்று மட்டும் இருந்தால் சேர்க்கக் கூடாது. செல் பரிசோதனையில் மட்டும் சந்தேகச் சொல் வந்தால் அதற்கு வேறு விதி.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு புன்னகை வரும். அறிவிப்பாளர்களைப் பற்றி இமாம்கள் பயன்படுத்திய சொற்களை நாங்கள் இப்படித்தான் தரம் பிரித்துப் படித்தோம். ‘ஸிகா’ என்றால் ஒரு தரம், ‘ஸதூக்’ என்றால் அதற்கு ஒரு படி கீழே. ஒரு சொல் மாறினால் தீர்ப்பு மாறும். எங்கோ அமெரிக்காவில் ஒரு பெண் ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டு, இந்தச் சொல்லின் கனம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கிறாள் என்பதை நினைத்தபோது அவள் மீது எனக்கு மரியாதை வந்தது.

பரீட்சையில் ஒரு பகுதி மனப்பாடத்திலிருந்து எழுதுவது. இன்னொரு பகுதி விதிப் புத்தகங்களைப் பார்த்து எழுதுவது. புத்தகம் கையில் இருந்தால் பரீட்சை சுலபம் என்று நினைக்காதீர்கள். எந்தப் புத்தகத்தில் எந்த விதி என்று தேடத் தெரியாதவனுக்குப் புத்தகம் பாரம்தான். தேறியபின் முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 20 மணி நேரம் தொடர்கல்வி பெற்றதாகக் காட்டினால்தான் சான்றிதழ் செல்லும். நோயின் நிலையைப் பிரிக்கும் விதிகளே மாறிக்கொண்டிருக்கும்போது, பழைய பாடத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்ட முடியும்?

கல்லறையில் பெயரில்லாத மனிதர்

இந்த முறை சும்மா வந்துவிடவில்லை. போஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணாமல், அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து என்ன ஆனார் என்று ஆஸ்பத்திரி தேடிப் பார்க்க வேண்டும், நல்ல முடிவையும் கெட்ட முடிவையும் எழுதி வைக்க வேண்டும், எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தினார். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய டாக்டர்களுக்கும் இது பிடிக்குமா? 1915ல் ஒரு கூட்டத்தில் அவர்களைக் கேலி செய்து பெரிய கார்ட்டூன் படம் ஒன்றைத் திறந்து வைத்து இருந்த பகையையும் கூட்டிக்கொண்டார். பதவிகள் போயின, வருமானம் சுருங்கியது. ஆனாலும் மனிதர் ஓயவில்லை. எலும்புப் புற்று கண்டவர்களின் விவரங்களை நாடு முழுவதிலிருந்தும் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கி ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். இன்றைய புற்றுநோய்ப் பதிவேடுகளுக்கு அதுவே முன்னோடிகளில் ஒன்று.

1940ல் காட்மன் இறந்தார். வாழ்நாள் முழுவதும் முடிவை எழுதி வை என்று சொன்ன அந்த மனிதரின் கல்லறையில் அவர் பெயர் எழுதப்படவில்லை! 2014ல்தான் அங்கே கல் நட்டார்கள். எழுபத்து நான்கு வருடம்!

அவர் எந்த அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்தாரோ, அதன் புற்றுநோய் ஆணையம் 1956ல் ஒரு விதி போட்டது. எங்கள் அங்கீகாரம் வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பதிவேடு இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு அதற்கும் மேலே போய், 2015 முதல் அந்தப் பதிவை எழுதுகிறவர் பரீட்சையில் தேறியவராக இருக்க வேண்டும் என்றார்கள். தேறாதவர் எழுதலாம், ஆனால் தேறியவரின் மேற்பார்வையில், மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் தேறிவிட வேண்டும். பரீட்சைக்கு மதிப்பு வந்தது இதனால்தான். சும்மா சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டினால் யார் மதிப்பார்கள்? வேலைக்கு அது நிபந்தனை என்றானபோதுதான் கனம் ஏறியது. இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதானாலும், இது இல்லாமல் எந்தக் கதவு திறக்காது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

1992 வரை அமெரிக்காவிலேயே 10 மாநிலங்களில் பதிவேடு இல்லை. இருந்த பல மாநிலங்களிலும் பணமில்லை, சட்ட பலமில்லை. வடகிழக்கு மாநிலங்களில் மார்பகப் புற்றால் பெண்கள் அதிகமாகச் சாகிறார்களே, ஏன் என்ற கேள்வி எழுந்தது. கணக்கில்லாமல் காரணத்தை எப்படித் தேடுவது? வெர்மான்ட் மாநிலத்தின் பேட்ரிக் லேஹி செனட்டிலும், பெர்னி சாண்டர்ஸ் கீழ்ச்சபையிலும் இதற்காக நின்றார்கள். 1992 அக்டோபரில் சட்டம் ஆனது. பதிவேடு வைக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. அரசியலைச் சாக்கடை என்று சொல்லி ஒதுங்குகிற நம் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு பேரேடு வாங்குவதற்குக்கூட அங்கே சட்டசபைப் படி ஏற வேண்டியிருந்தது.

விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இப்போது என் சகோதரி மகளின் கேள்விக்கு வருகிறேன். சேரலாமா, கூடாதா?

பரீட்சை எழுத யாரும் நினைத்தவுடன் உட்கார்ந்துவிட முடியாது. நாங்கள் படித்த விதிகளின்படி, குறைந்தது இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு வேண்டும். மனித உடலமைப்பும் உடலியக்கமும் படித்திருக்க வேண்டும். அந்தச் சங்கம் அங்கீகரித்த பாடத்திட்டத்தை முடித்து, பதிவகத்தில் 160 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் புற்றுநோய்ப் பதிவகத்தில் ஓராண்டு முழுநேர வேலை பார்த்த அனுபவம் வேண்டும். மூன்று மாதக் கோர்ஸ், ஞாயிற்றுக்கிழமை கிளாஸ், முடித்தவுடன் டாலர் என்று சொல்கிறவர்களிடம், உங்கள் பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா, 160 மணி நேரத்துக்கு எந்தப் பதிவகத்தில் உட்கார வைப்பீர்கள் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். இன்றைக்கும் சி.டி.ஆர். என்று பழைய பெயரிலேயே விற்கிறவரிடம் மூன்றாவது கேள்வியும் கேட்கலாம்.

அவள் கேட்டாள். அங்கிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. பணம் தப்பியது.

பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான வழியில் போகக்கூடியவர்கள் போகட்டும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும். அமெரிக்க நோயாளிகளின் விவரங்கள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று நிபந்தனை போடும் ஆஸ்பத்திரிகள் அங்கே உண்டு. ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரே படித்துக் குறியீடு போடுவதற்கு அவர்களின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வேலை செய்து வருகின்றன. எளிதான ரிப்போர்ட்டுகள் மெஷினுக்குப் போய்விடும். சொல்லின் கனத்தை நிறுக்க வேண்டிய சிக்கலான ரிப்போர்ட்டுகள்தான் மனிதனுக்கு மிஞ்சும். அரைகுறையாகப் படித்தவனுக்கு அங்கே இடமிருக்காது.

நம் நாட்டுப் பேரேடு

நம் நாட்டில் இந்த வேலை இல்லையா? இருக்கிறது. 1963லேயே பம்பாயில் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். 1981 டிசம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசிய அளவில் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜனவரியிலிருந்து பம்பாய், பெங்களூர், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையில் கணக்கெடுத்தார்கள். மதராஸ் கணக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் எழுதப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2003ல் ஒன்று வந்தது. 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்குமாகத் திட்டம் வந்தது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2020ல் வந்த தேசிய அறிக்கைக்கு ஆதாரம் 28 பதிவேடுகள். அவை மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டன. மிச்சம் ஒன்பது பங்குக்கு மதிப்பீடுதான். 2022ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல் என்று சொல்வது இப்படிப் போட்ட மதிப்பீட்டின்படிதான்.

அந்தக் கணக்கால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1980களில் மதராஸ் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுதான் முதலிடம். அது படிப்படியாகக் குறைந்து மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்தது. எந்த நோய்க்கு எந்த ஊரில் பரிசோதனை முகாம் வைப்பது, எங்கே ரேடியேஷன் மெஷின் வாங்குவது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். வெறும் பாக்கு, புகையிலை சேராமலேயே, புற்றுநோயை உண்டாக்கும் என்று லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ல் வெளியிட்டது. அந்த முடிவுக்குப் பின்னால், நோய் கண்டவர்களை ஒவ்வொருவராக எண்ணி எழுதியவர்களின் உழைப்பு இருக்கிறது. பெட்டிக்கடையில் சரம் சரமாகப் பாக்குப் பொட்டலம் தொங்கவிட்டிருக்கும் நம் வியாபாரிகள் அந்தச் செய்தியை இன்றாவது கேட்டுக்கொள்ளட்டும்.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களில் கூட்டத்துக்குப் போனால், எங்கள் ஊரில் இந்த நோய் அதிகம் ஹஜ்ரத் என்று சொல்லாதவர் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் கெட்டது கண்ணுக்குத் தெரிகிறது. நோய் அதிகமா என்பது கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத்தான் தெரியும். தெருவாரியாக, வயதுவாரியாக, வருடவாரியாக எழுதிய கணக்கோடு போய்க் கேட்டால் கலெக்டர் பதில் சொல்லியாக வேண்டும். எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் என்று போய் நின்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியே எழுதி அனுப்பியாக வேண்டும். இங்கே சில மாநிலங்களைத் தவிர நாடு முழுவதற்குமாக அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆகவே பதிவகத்து ஊழியர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, லேப் லேபாக, நகராட்சியின் இறப்புப் பதிவு அலுவலகம் வரைக்கும் நடந்து போய்க் கேட்டு வாங்க வேண்டும். அங்கே போனாலும் காரணம் கிடைக்கிறதா? 2020ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் டாக்டரின் காரணச் சான்று பெற்றவை 100க்கு 22.5 மட்டுமே. மற்றதெல்லாம் வீட்டார் சொன்னதோ, ஒன்றுமே இல்லாததோ!

இப்படி அலைகிற ஊழியர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலும் திட்ட வேலை. திட்டம் நீட்டிக்கப்பட்டால் சம்பளம். பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, பெங்களூரில் அதற்கென்று மத்திய நிறுவனமும் இருக்கிறது. ஆனால் தேறினால் இந்தப் பதவி, இந்தச் சம்பளம் என்று சொல்லும்படியான பரீட்சையும் பதவி வரிசையும் நம் நாட்டில் வேரூன்றவில்லை. பி.எஸ்ஸி. படித்துவிட்டு வேலை தேடி நிற்கும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கும் நாடு இது. நாட்டு மொழி தெரிந்த, தெருத்தெருவாக நடந்து விசாரிக்கத் தெரிந்த பதிவாளர்கள் வேண்டும் என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டியது இதைத்தான். அமெரிக்காவின் பரீட்சையை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஆங்கில ரிப்போர்ட்டை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு, முகவரி கேட்டால் கதவைச் சாத்துகிற வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாது. அதையும் சேர்த்துச் சோதிக்கிற பரீட்சை வேண்டும்.

கதவைச் சாத்திய வீடுகளில் என் வீடும் ஒன்று. அதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

நான் எழுதிய பொய்

இருபது வருடத்துக்கு முன்பு, ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். அந்த மஹல்லாவில் நிகாஹ் தஃப்தரைப் போல மய்யித்துக்கும் ஒரு தஃப்தர் உண்டு. பெயர், தகப்பனார் பெயர், தெரு, தேதி, காரணம். நான்தான் எழுதுவேன். ஒரு நாள் மளிகைக்கடைக்காரர் ஒருவரின் மனைவி மவுத்தானார். மூன்று பெண் பிள்ளைகளின் தாய். மார்பில் புற்று என்று ஊருக்கே அரசல் புரசலாகத் தெரியும். கப்ருஸ்தானிலிருந்து திரும்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், சர்க்கரைன்னு எழுதிடுங்க. மூணு பொண்ணு இருக்கு" என்றார். எனக்கும் இரக்கம் வந்தது. சர்க்கரை நோய் என்று எழுதினேன். நகராட்சியிலும் அவர் அதையே சொல்லியிருந்தார்.

சில மாதம் கழித்து ஓர் இளைஞர் வந்தார். தோளில் பை, கையில் காகிதம். புற்றுநோய்ப் பதிவகத்திலிருந்து வருகிறேன், இந்தத் தெருவில் இந்தப் பெயரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், பிறகு வரவில்லை, இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றார். பெயரை வெளியிட மாட்டோம், எண்ணிக்கைதான் வெளியே போகும் என்றும் சொன்னார். நான் தெரியாது என்றேன். தஃப்தர் என் பின்னால் அலமாரியில் இருந்தது! தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கணக்கில் அந்தப் பெண்மணி உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை. தொடர்பு விட்டுப்போனவர் என்று ஒரு பக்கத்தில் கிடந்திருப்பார்.

அந்த மூன்று பெண்களில் மூத்தவளுக்கு இப்போது மார்பில் கட்டி. வயது நாற்பது ஆகவில்லை. டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்டாராம். இல்லை, எங்கம்மா சர்க்கரையில்தான் போனாங்க என்று சொன்னாளாம். தாய்க்கு அது வந்திருந்தால் மகள் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இன்று சாதாரணப் படிப்பு. பதிவகத்து ஊழியரிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அது அவள் காதுக்குப் போயிருக்காது, உண்மைதான். பதிவகம் வேறு, குடும்பம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பொய்யை எழுதியது ஒரே கை.

செய்தி கேள்விப்பட்டு அவளைப் போய்ப் பார்த்தேன். அவள் தகப்பனார் இன்று இல்லை. நடந்ததைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தங்கச்சிங்க ரெண்டு பேரையும் நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும் ஹஜ்ரத்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். காரணம் என்ற பத்தியை எல்லோரும் புரட்டுகிற தஃப்தரிலிருந்து எடுத்துவிட்டு, தனிப் பதிவேட்டில், டாக்டரின் சீட்டைப் பார்த்து எழுதிப் பூட்டி வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. பதிவகத்திலிருந்து அடையாள அட்டையோடு யார் வந்தாலும் முத்தவல்லி முன்னிலையில் காட்டுவது என்றும் முடிவாகியிருக்கிறது. உங்கள் மஹல்லாவிலும் நிர்வாகிகளிடம் இதைக் கேளுங்கள். கடைக்காரச் சகோதரர்கள் பூட்டுள்ள ஓர் அலமாரி வாங்கித் தந்தால் போதும், அதற்கு மேல் செலவில்லை.

பழைய தஃப்தரில் நான் எழுதிய வரியை, மூன்று மகள்களின் சம்மதத்தோடு, மூத்தவள் பார்க்க அடித்துத் திருத்தினேன். பக்கத்தில் இன்றைய தேதியும் என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்த இளைஞரை அனுப்பிய பதிவகத்துக்கும் பெயர், தெரு, மவுத்தான தேதி எல்லாம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.